கென்னடி விண்வெளி மையத்தில் ஒரு ரயில்வேக்காரன்

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் நம் சங்கத்தில் ஏராளம். போய் வந்தவர்கள் நயாகரா அருவியைப் பற்றியும், சுதந்திர தேவி சிலையைப் பற்றியும், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலைப் பற்றியும் இந்த இதழில் முன்பே எழுதியிருக்கிறார்கள். அதையே நானும் எழுதி வாசகர்களைச் சோதிக்கப் போவதில்லை. 2023 டிசம்பரில், பேத்தியின் பள்ளி விடுமுறையில், நாங்கள் குடும்பத்தோடு ஒரு முழு நாளைக் கழித்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகம் அது.

நான் விஞ்ஞானி அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சக்கரம், அச்சு, பேரிங், பிரேக் இவற்றோடு காலம் தள்ளியவன். ஆகவே ராக்கெட்டைப் பார்த்தபோதும் என் கண் முதலில் அடிப்பாகத்துக்குத்தான் போயிற்று. அந்தக் கண்ணோடு பார்த்ததையே எழுதுகிறேன்.

பயணம்

மகள் வீடு ஆர்லாண்டோவில். அங்கிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம். மாப்பிள்ளை ஓட்ட, நானும் என் மனைவியும், மகளும், 13 வயதுப் பேத்தியும் காலை எட்டு மணிக்கே கிளம்பினோம். புளியோதரையும் தயிர்சாதமும் டப்பாக்களில் வந்தன. "மாமி, உள்ளே சாப்பாட்டுக்கடை இருக்கு" என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். என் மனைவி கேட்கவில்லை. கடைசியில் காரிலேயே வைத்து மதியம் சாப்பிட்டோம். எல்லோருக்கும் அதுதான் ருசித்தது என்பது வேறு விஷயம்.

இந்த மையம் மெரிட் தீவு என்ற இடத்தில் உள்ளது. சுற்றிலும் சதுப்பு நிலம், காயல், வனவிலங்குச் சரணாலயம். ராக்கெட் தளத்தைச் சுற்றிக் காலி நிலம் வேண்டும் என்று அரசு வாங்கிப் போட்டதால் காடும் பிழைத்தது. பஸ்ஸில் போகும்போது ஓரத்து வாய்க்காலில் முதலைகள் வெயில் காய்வதை ஓட்டுநர் சுட்டிக் காட்டினார். ராக்கெட்டைப் பார்க்க வந்த பேத்தி ஒன்று, இரண்டு என்று முதலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ராக்கெட் தோட்டம்

நுழைந்தவுடன் ராக்கெட் தோட்டம். பூந்தோட்டத்தில் மரங்கள் நிற்பதுபோல ரெட்ஸ்டோன், அட்லஸ், டைட்டன் வகை ராக்கெட்டுகள் நிற்கின்றன. சாட்டர்ன் 1பி என்ற பெரிய ராக்கெட்டைப் படுக்க வைத்திருக்கிறார்கள். 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் 15 நிமிடம் விண்ணுக்குப் போய்த் திரும்பினார் அல்லவா, அந்த ரெட்ஸ்டோன் வகைதான் எல்லாவற்றிலும் ஒல்லி. "இந்த நுனியிலயா ஒரு ஆளை உட்கார வச்சு அனுப்பினாங்க?" என்று என் மனைவி கேட்டாள். பக்கத்தில் மாதிரிக் கலங்கள் உள்ளன. உள்ளே ஏறி உட்காரலாம். நானும் மடங்கிச் சுருங்கி உட்கார்ந்து பார்த்தேன். பழைய ஷண்டிங் இஞ்சினின் கேபின் இதற்கு அரண்மனை!

ஒரு மைல் வேகத்தில் ஒரு ராட்சதன்

வளாகத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி மையத்தின் உட்பகுதிகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். முதலில் கண்ணில் படுவது ராக்கெட்டுகளை நிறுத்திப் பூட்டும் கட்டடம். உயரம் 160 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனால் மாடி மாடியாக அடுக்கிய கட்டடமல்ல. உள்ளே ராக்கெட் நிமிர்ந்து நிற்கும்படி பெரும்பகுதியைக் கூடமாகவே விட்டிருக்கிறார்கள். கதவின் உயரம் மட்டும் 139 மீட்டர்.

இங்கே பூட்டிய ராக்கெட்டை நின்ற நிலையிலேயே ஏவுதளத்துக்குக் கொண்டு போகிற வண்டிக்குக் கிராலர் என்று பெயர். அதைத் தூரத்தில் பார்த்தவுடன் நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். 1965ல் இரண்டு வண்டிகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2,700 டன். டாங்கியைப் போல எட்டுச் சங்கிலிப் பட்டைகள். ஒரு பட்டைக்கு 57 காலணி. ஒவ்வொரு காலணியும் சுமார் ஒரு டன் எடை. சுமையோடு போகும்போது மணிக்கு ஒரு மைல்தான் வேகம். 39ஏ என்ற ஏவுதளத்துக்கு ஐந்தரை கிலோமீட்டர் தூரம். கடைசியில் தளத்தின் சரிவில் ஏறும்போது ராக்கெட் சாயாமல் இருக்க மேடையை மட்டம் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும்.

வண்டி போகும் பாதையின் மேல் ஆற்றுக் கூழாங்கல் பரப்பியிருக்கிறார்கள். நம் தண்டவாளத்துக்கு முனை உடைந்த ஜல்லி வேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்று கவ்வி நிற்கும். இங்கே பட்டை திரும்பும்போது உராய்வு குறைய வேண்டும், தீப்பொறி வரக்கூடாது என்பதற்காக உருண்டைக் கல். கல்லைப் போடுவதிலும் காரணம் இருக்கிறது பாருங்கள்.

"இதுக்கு என்ன இஞ்சின் மாமா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை கைபேசியில் தேடினார். படித்துக் காட்டியதும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. 1965ல் அந்த வண்டிக்குப் போட்டவை ஆல்கோ கம்பெனியின் 16 சிலிண்டர் 251 டீசல் இஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 2,750 குதிரைசக்தி! ஆல்கோ 251 என்றால் வேறொன்றுமில்லை, நம் டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோவின் இஞ்சின் குடும்பம்தான். 1964 முதல் வாரணாசியில் உரிமம் பெற்றுக் கட்டி, இந்தியா முழுவதும் ஓடி, பொன்மலைப் பணிமனையில் பிரித்துப் பூட்டிய அதே ஜாதி. கறுப்புப் புகையும் கும்கும் என்ற சத்தமுமாக கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸை இழுத்த இஞ்சினின் பங்காளி, நிலவுக்குப் போன ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. பஸ்ஸில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கிழவர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று புரிந்திருக்காது.

படுத்திருக்கும் சாட்டர்ன் 5

பஸ் நம்மை இறக்கிவிடும் இடம் அப்போலோ கூடம். அங்கே நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் ஒன்று முழு நீளத்துக்கும் படுத்திருக்கிறது. 363 அடி. உலகில் எஞ்சியிருப்பவை மூன்றே. நம் ரயில் கணக்கில் ஐந்து பயணிகள் பெட்டி நீளம். அடியில் ஐந்து இஞ்சின்கள். அவை ஐந்தும் சேர்ந்து ஒரு வினாடிக்குச் சுமார் 13 டன் மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும் குடிக்கும். 58 டன் ஏற்றும் நம் பாக்ஸன் வேகன் ஒன்றை நிரப்பி வைத்தால் நான்கரை வினாடியில் காலி.

அதே கூடத்தில் கூட்டம் அதிகம் நிற்காத ஓர் இடமும் இருந்தது. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தைத் தரையிலேயே வைத்து ஒத்திகை பார்த்தபோது உள்ளே தீப்பற்றி கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி என்ற மூன்று வீரர்கள் மாண்டார்கள். உள்ளே சுத்த ஆக்ஸிஜன். உட்கதவோ உள்பக்கமாகத் திறப்பது. தீயினால் உள்ளே அழுத்தம் ஏறியவுடன் அதைத் திறக்க முடியவில்லை. அந்தக் கதவை, ஐம்பது ஆண்டுகள் கழித்து 2017ல், அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கதவை வெளிப்பக்கமாக, சில வினாடிகளில் திறக்கும்படி மாற்றினார்கள்.

வெறும் கதவு. ஆனால் எனக்கு அதைவிட்டு நகர மனம் வரவில்லை. புது தில்லி சாணக்கியபுரியில் நம் ரயில் அருங்காட்சியகத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். பளபளவென்று மெருகேற்றிய நீராவி இஞ்சின்கள், மகாராஜாக்களின் பெட்டிகள் எல்லாம் பார்த்தேன். முறிந்த அச்சு ஒன்றை நான் அங்கே கண்டதில்லை.

ரயிலில் வந்த ராக்கெட்

மதியத்துக்கு மேல் அட்லாண்டிஸ் கூடம். வாசலில் பெரிய ஆரஞ்சு நிறத் தொட்டியும் அதன் இரு பக்கமும் இரண்டு வெள்ளைத் தூண்களும் அசல் அளவில் மாதிரியாக நிற்கின்றன. வெள்ளைத் தூண்கள்தான் விண்வெளி ஓடத்தைத் தூக்கிவிடும் திட எரிபொருள் பூஸ்டர்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் உயரம், 3.7 மீட்டர் குறுக்களவு.

இங்கே என் தொழில் வந்து சேர்ந்தது. அசல் பூஸ்டர்களைத் தயாரித்த ஆலை இருப்பது உட்டா மாநிலத்தில், கடலே இல்லாத உள்நாட்டில். அங்கிருந்து 2,000 மைலுக்கும் மேல் ப்ளோரிடாவுக்கு ரயிலில்தான் அனுப்பினார்கள். நம் அகலப்பாதையில் வண்டியின் அகலம் 3,250 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஓ.டி.சி. என்று தனி அனுமதி, தனி வேகம், கூடவே ஆள். அங்கேயும் அப்படித்தான், விசேஷ வேகன், மூடி, கூடவே ஒரு பெட்டியில் தொழில்நுட்ப ஆட்கள். 2007 மே மாதம் அலபாமாவில் இப்படி ஒரு ரயில் போகும்போது பாலம் சரிந்து இஞ்சினோடு இறங்கிவிட்டது. சிலர் காயமடைந்தார்கள்.

45 மீட்டர் தூணை ஒரே துண்டாக ரயிலில் கொண்டுவர முடியாது. ஆகவே நான்கு துண்டுகளாக எரிபொருளை நிரப்பி அனுப்பி, இங்கே வந்தபின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு மூட்டுக்கும் 177 ஊசிகளைச் சுற்றிலும் செருகிப் பூட்டினார்கள். மூட்டு வழியாக உள்ளே எரியும் வாயு வெளியே வராமல் தடுக்க இரண்டு ரப்பர் வளையங்கள். கனம் 7 மில்லிமீட்டர். இந்த வளையத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்லாண்டிஸ்

உள்ளே ஒரு படம் காட்டுகிறார்கள். அது முடிந்து திரை விலகினால் எதிரே அசல் அட்லாண்டிஸ். 33 முறை விண்வெளி போய்த் திரும்பியது. 2011 ஜூலை 21 அன்று கடைசியாக இறங்கியது. அதைத் தரையில் நிறுத்தாமல், ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகுக் கதவுகளைத் திறந்து, பறப்பதுபோலத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அடிவயிற்றில் ஒட்டிய ஓடுகளில் வெந்த தடம் அப்படியே இருக்கிறது. கழுவிப் பூசவில்லை. எனக்கு அது பிடித்தது. வேலை செய்த வண்டி வேலை செய்த வண்டியாகவே இருந்தது.

பேத்தி சறுக்கு மரம், விளையாட்டுக் கணினி என்று ஓடினாள். மாப்பிள்ளையும் அவளும் ஏவுதலின் குலுக்கலை உணர்த்தும் சாதனத்தில் ஏறிவிட்டு வந்தார்கள். அந்த நேரத்தில் நானும் மனைவியும் மகளும் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம்.

கீழ்த்தளம்

அங்கே 2015ல் திறந்த நினைவுக்கூடம் ஒன்று உள்ளது. 'என்றும் நினைவில்' என்று தமிழில் சொல்லலாம். இரு பக்கமும் 14 கண்ணாடிப் பெட்டிகள், 14 பேருக்கு. 1986ல் சாலஞ்சரில் போன ஏழு பேர். 2003ல் கொலம்பியாவில் போன ஏழு பேர். அவர்கள் உபயோகித்த பொருள்களைக் குடும்பத்தார் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அரியானாவின் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் இஞ்சினியரிங் படித்து, 1982ல் அமெரிக்கா போன கல்பனா சாவ்லாவின் பெயரின் முன்னால் என் மனைவி கைகூப்பி நின்றாள். "நம்ம பொண்ணு மாதிரிதானே கிளம்பி வந்திருக்கு" என்றாள்.

அதைத் தாண்டிய அறையில் இரண்டே இரண்டு பொருள்கள். சாலஞ்சரின் இடப்பக்கத் தகடு ஒன்று, தேசியக் கொடி வரைந்தது. கொலம்பியாவின் விமானி அறை ஜன்னல் சட்டங்கள், கண்ணாடி இல்லாமல். அந்த அறையில் யாரும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள்.

பேத்தி எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "குழந்தைக்கு இதெல்லாம் காட்டணுமா?" என்று மனைவி என்னைப் பார்த்தாள். பேத்தியோ தகட்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உடைஞ்சதை ஏன் வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஒரு ரப்பர் வளையம்

1986 ஜனவரி 28 காலை. ப்ளோரிடாவில் அபூர்வமான குளிர். இரவில் ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியது. புறப்படும்போது வெப்பம் 2 டிகிரி. நான் சொன்ன ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிட்டது. பூஸ்டர் பற்றியதும் உள்ளே அழுத்தம் ஏறி மூட்டு மயிரிழை விரியும். ரப்பர் அந்த இடைவெளியை அக்கணமே பின்தொடர்ந்து அடைக்க வேண்டும். விறைத்த ரப்பர் அடைக்கவில்லை. 73வது வினாடியில் சாலஞ்சர் சிதறியது. ஏழு பேரில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப்.

"குக்கர் கேஸ்கட் காஞ்சு போனா பக்கவாட்டுல ஆவி அடிக்குமே, அதுவா?" என்றாள் மனைவி. அதேதான். பிறகு விசாரணைக் குழுவில் இருந்த பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் நசுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது பழைய உருவத்துக்கு உடனே வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டினார்.

ஆனால் இது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய பல பயணங்களில் திரும்பி வந்த பூஸ்டர்களைப் பிரித்தபோதே வளையங்கள் அரித்திருந்ததைப் பார்த்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஜனவரியில் 12 டிகிரிக் குளிரில் ஏவியபோது அரிப்பு மிக அதிகம். ஆகவே 27ம் தேதி இரவு, பூஸ்டர் செய்த கம்பெனியின் இஞ்சினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில், 12 டிகிரிக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்று சொன்னார்கள். ரோஜர் பாய்ஜாலி என்பவர் படங்களை வைத்து வாதாடினார். நாஸாவின் அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனியின் மேலதிகாரிகள் தனியாகப் பேசினார்கள். இஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி அங்கே ஒருவருக்குச் சொல்லப்பட்டது. முடிவு மாறியது.

அந்தக் கம்பெனியின் சார்பில் கென்னடி மையத்தில் இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். ஏவலாம் என்று அவர்தான் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தார். அவருக்குப் பதில் உட்டாவிலிருந்து மேலதிகாரி கையெழுத்திட்டு அனுப்பினார். விபத்துக்குப் பிறகு உண்மையை விசாரணைக் குழுவில் சொன்ன மெக்டொனால்டைக் கம்பெனி ஓரங்கட்டியது. நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, அந்த மூட்டைத் திருத்தி அமைக்கும் வேலையையே அவரிடம் ஒப்படைத்தார்கள்.

பதினேழு ஆண்டு கழித்து கொலம்பியாவிலும் இதே கதை. 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82வது வினாடியில் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் விளிம்பில் மோதியது. சேதத்தை விண்ணிலிருந்தே படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று இஞ்சினியர்கள் கேட்டார்கள். மேலே மறுத்துவிட்டார்கள். நுரை விழுவது வழக்கம்தானே, முன்பும் விழுந்திருக்கிறதே என்பது எண்ணம். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது ஏழு பேரும் போனார்கள்.

ஒன்றும் ஆகவில்லையே

இதைச் சொல்லி முடித்ததும் அதுவரை பேசாமல் இருந்த மகள், "அப்பா, நீங்க எப்பவாவது கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். நிலக்கரி வண்டிகள் போகும் ஒரு யார்டில் நான் இரவு ஷிப்ட். சரக்கு வண்டி புறப்பட, பிரேக் பவர் சர்டிபிகேட்டில் நாங்கள் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அன்று சுமையோடு உள்ளே வந்த வண்டியில், நடுவில் ஒரு வேகனின் பேரிங் கொதித்தது. பக்கத்துப் பேரிங்கில் கை வைக்க முடிந்தது. இதில் முடியவில்லை. கிரீஸ் கசிந்து சக்கரத்தில் தெறித்திருந்தது. அந்த வேகனைச் சிக் என்று எழுதி வெட்டி எடுக்கச் சொன்னேன். நடுவிலிருந்து வெட்டுவதென்றால் ஷண்டிங், மூன்று நான்கு மணி நேரம். கன்ட்ரோலிலிருந்து போன் மேல் போன். மின் நிலையத்தில் நிலக்கரி இல்லை, மேலிடம் கேட்கிறது, இன்னும் 80 கிலோமீட்டர்தானே என்றார்கள். எங்கள் ஃபிட்டரே, "சார், போன வாரமும் இந்த வேகன் இப்படித்தான் சூடா வந்துச்சு. போய்த்தான் சேர்ந்துச்சு. ஒண்ணும் ஆகலையே" என்றார்.

ஒன்றும் ஆகவில்லையே! அந்த வார்த்தையைத்தான் நான் 38 ஆண்டும் பயந்தேன். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது பேரிங் நன்றாக இருந்ததற்கு அத்தாட்சி அல்ல. நேற்று தப்பித்தோம் என்பதற்குத்தான் அத்தாட்சி. ரப்பர் வளையம் அரித்தும் ஓடம் திரும்பி வந்தது. நுரை விழுந்தும் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் அபாயம் வழக்கமாயிற்று.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேகனை வெட்டினார்கள். வண்டி நான்கு மணி நேரம் தாமதம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் கொடுத்தேன். கழற்றிய பேரிங்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பது என் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல்.

"பரீட்சைக்கு முன்னாடி, பாதிப் படிப்புல இவளைப் பள்ளிக்கூடம் மாத்தினோமே, அதுவா?" என்றாள் என் மனைவி. அதுவேதான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? மாற்றல் உத்தரவில் காரணம் எழுத மாட்டார்கள். நிர்வாகக் காரணம் என்றுதான் இருந்தது. வீட்டிலும் அன்று அதைத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வண்டி போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டாள்.

தெரியாது. ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. அதுதான் எங்கள் வேலையின் கஷ்டம். நடந்த விபத்துக்குச் சாட்சி உண்டு, விசாரணை உண்டு, அறிக்கை உண்டு. 1956ல் அரியலூரில் நடந்ததை இன்றும் பேசுகிறோம். நடக்காமல் தடுத்த விபத்துக்குச் சாட்சி கிடையாது. தாமதம் மட்டும்தான் கணக்கில் நிற்கும். மெக்டொனால்ட் சொன்னதைக் கேட்டு அன்று ஏவாமல் இருந்திருந்தால், வீணாக ஒரு நாளைக் கெடுத்த மனிதர் என்றுதான் அவரைச் சொல்லியிருப்பார்கள்.

"அதனாலதான் உடைஞ்சதை வச்சிருக்காங்க" என்று பேத்தியிடம் சொன்னேன். "நாளைக்கு ஒருத்தர் வேண்டாம்னு சொல்லும்போது, மத்தவங்களுக்கு இந்தத் தகடு ஞாபகம் வரணும்." அவள் தலையை ஆட்டினாள். எவ்வளவு புரிந்ததோ!

மகள் ஏன் கேட்டாள் என்பது வீடு திரும்பும் வழியில் தெரிந்தது. மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புகளின் மென்பொருளைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. ஒரு சோதனையில் நூற்றில் ஒருமுறை எண் தவறிக் காட்டுகிறதாம். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறதாம். தேதி நெருங்குகிறது, கையெழுத்துப் போடு என்கிறார்களாம். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் தொழில் அவளுக்குத் தெரியும். புத்தாண்டுக்குப் பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "மூணு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்க அப்பா. என் மேல கோபம்தான்" என்றாள். காரணம் கண்டுபிடித்தார்களா என்று நான் ஊர் திரும்பும்வரை முடிவாகவில்லை. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு

நுழைவுக் கட்டணம் நம் ரூபாய்க் கணக்கில் அதிகம்தான். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஒரு நாள் முழுவதும் வேண்டும். காலையில் திறந்தவுடன் பஸ் பயணத்தை முடித்துவிட்டால் அப்போலோ கூடத்தில் நிதானமாக இருக்கலாம். நடை அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கூச்சம் வேண்டாம். டிசம்பர், ஜனவரி இதமான காலம். கோடையில் வெயிலும் இடிமழையும் உண்டு.

வளாகத்தின் திறந்தவெளியில் 1991ல் நிறுவிய கண்ணாடி போன்ற கறுப்புக் கல் சுவர் ஒன்று உண்டு. விண்வெளிப் பணியில் உயிர் நீத்தவர்களின் பெயர்களைக் கல்லில் ஊடுருவ வெட்டியிருக்கிறார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது பெயர்கள் வானத்தில் எழுதியதுபோல நிற்கின்றன. அதையும் பார்க்க வேண்டும்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் மேலே அட்லாண்டிஸைப் பார்த்துவிட்டு, நேரமாயிற்று என்று கீழ்த்தளத்தை விட்டுவிடுவது சகஜம் என்று கேள்விப்பட்டேன். அப்படிச் செய்ய வேண்டாம். கூட்டிப் போய்க் காட்டுங்கள். கேள்வி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் பலர் ஏதோ ஒரு காகிதத்தில், ஏதோ ஒரு கணினித் திரையில், சரி என்று ஒப்பமிடும் வேலைக்குத்தான் போகப் போகிறார்கள்.